நாற்பது ஆமாங்க

இதை நான் அச்சுத் தமிழில் எழுதுவதற்குப் பயம்தான் காரணம். எல்லைப்புற வட்டாரச் சொல் பாதுகாப்பு இயக்ககத்தின் அதிகாரம் பேச்சுத் தமிழோடு நின்றுவிடுகிறது. அச்சுத் தமிழ் இன்னும் அவர்கள் கோப்புக்குள் வரவில்லை என்று நாலு பேரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் பேனாவை எடுத்தேன். கதையில் ஆட்கள் பேசும் இடங்களில் மட்டும் அவர்கள் பேசியபடியே போட்டிருக்கிறேன். அதற்கு அவரவரே பொறுப்பு.

எங்கள் ஊர் பாலக்காட்டு மாவட்டம் வடகரப்பதி பஞ்சாயத்தில் இருக்கிறது. கேரளத்து மண், கோயமுத்தூர்ப் பேச்சு. எந்தப் பக்கத்து அதிகாரி வந்தாலும் எங்களை மற்றப் பக்கத்து ஆள் என்று நினைப்பார். அது எங்களுக்குப் பழகிப்போன சங்கடம். பயம் புதிதாக வந்தது, போன வருடம்.

பக்கத்து வீட்டுப் பொங்கியண்ணனின் மகள் செல்வப்பிரியா, தமிழ்வழிப் பள்ளிக்கூடத்து ஆசிரியை வேலைக்குத் தேர்வு எழுதிப் பட்டியலில் முதல் பெயராக வந்தாள். ஊரே சந்தோஷப்பட்டது. ஆனால் உத்தரவு கையில் வர ஒரு காகிதம் பாக்கி இருந்தது. இவள் இந்த வட்டாரத் தமிழ்தான் பேசுகிறாள் என்று இயக்ககம் சான்று கொடுக்க வேண்டும். தொண்ணூறு நாளுக்குள் சான்று வராவிட்டால் வேலை அடுத்த பெயருக்குப் போய்விடும்.

சான்று கொடுக்க வேண்டுமானால் வட்டாரத் தமிழ் எது என்று முதலில் இயக்ககத்துக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அதைக் கண்டுபிடிக்க ஜிஜோ என்கிற கள ஆய்வாளரை அனுப்பினார்கள். ஒரு பஞ்சாயத்துக்கு ஒரு வீடு, ஒரு வீட்டுக்கு நாற்பது சொல், ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் ஆங்கில அர்த்தம். சாயங்கால பஸ்ஸுக்குள் முடிக்க வேண்டும் என்பது அவருக்கு வந்த உத்தரவு. எங்கள் பஞ்சாயத்துக்குப் பொங்கியண்ணனின் வீடு விழுந்தது. மகளுக்குச் சான்று வேண்டிய வீடு, ஒத்துழைப்பார்கள் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். அவர்கள் எதிர்பார்த்ததற்கு மேலேயே ஒத்துழைத்தார்கள்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வீடு தேடி வந்தவர் ஒன்று சொன்னால் அவர் முகத்துக்கு நேரே மறுக்க மாட்டோம். கிழக்கில் சூரியன் மறைகிறது என்று அவர் சொன்னாலும், ஆமாங்க, மோர் குடிக்கிறீங்களா என்றுதான் கேட்போம். அவர் போன பிறகு நாலு நாளைக்கு உட்கார்ந்து மறுத்துக்கொள்வோம். பொங்கியண்ணன் இந்த வழக்கத்தில் ஊருக்கே முன்மாதிரி. அவர் ஒருவரிடம் இல்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை.

ஜிஜோ நல்ல மனிதர். வெயிலில் நடந்து வந்து வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார். அவருக்குத் தமிழ் அரைகுறை. பொங்கியண்ணன் ஒரு சொல்லைச் சொல்வார். ஜிஜோ சுற்றுமுற்றும் பார்த்து, அதற்கு ஓர் ஆங்கிலச் சொல்லைத் தானே சொல்லி, சரிதானே என்று கேட்பார்.

வீட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் இதுதான் பொடக்காலி என்றார் பொங்கியண்ணன். பின்கட்டு வெளியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஜிஜோ பார்த்தபோது அங்கே ஒரு கோழி மேய்ந்துகொண்டிருந்தது. ஹென், சரிதானே என்றார். ஹென் என்றால் கோழி என்று பொங்கியண்ணனுக்குத் தெரியும். ஆனால் வந்தவர் சொல்லிவிட்டார்.

"ஆமாங்க" என்றார் பொங்கியண்ணன்.

மேலே பரணைக் காட்டி அட்டாலி என்றார். அதில் ஏணி சாத்தியிருந்தது, லேடர் என்று எழுதிக்கொண்டார் ஜிஜோ. ஆமாங்க. ஒறம்பரை என்றால் சொந்தபந்தம். அன்றைக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள் இரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் அது லஞ்ச் ஆனது. ஆமாங்க. நோம்பி என்றால் எங்களுக்குக் கிடா வெட்டுகிற திருவிழா. அதற்கு ஃபாஸ்டிங் என்று போட்டார். அதற்கும் ஆமாங்க. நடுவில் பொங்கியண்ணனின் மனைவி முத்தாத்தாள் உள்ளேயிருந்து புருஷனை "ஏனுங்க" என்று கூப்பிட்டாள். ஜிஜோ தானாகவே, ஏனுங்க, ஹஸ்பண்ட் என்று எழுதி முப்பத்தெட்டாம் சொல்லாக வைத்தார். நாற்பது முடிந்ததும் பொங்கியண்ணன் ஒவ்வொரு பக்கத்திலும் ஒப்பு, அதாவது கையெழுத்துப் போட்டார். ஜிஜோ மோர் குடித்துவிட்டுப் பஸ்ஸைப் பிடித்தார். அவர் போன பிறகு, வழக்கப்படி, நாங்கள் நாலு நாள் சிரித்தோம்.

அடுத்த மாதம் பதிவேடு அச்சாகி வந்தது. நல்ல கெட்டி அட்டை. பஞ்சாயத்து மண்டபத்தில் வெளியீட்டு விழா. இயக்ககத்தின் துணை இயக்குநர் கோபிநாத் பொன்னாடை போட்டுக்கொண்டு பேசினார்.

"இருபத்திரண்டு வருஷமா நான் இந்த பாஷையைக் காப்பாத்திட்டிருக்கேன். இதில ஒரு வாக்கு, ஒரு சொல்லு, எனக்கு அறியாது. அறிஞ்சா பட்சபாதம் வந்துரும். நோயைக் குணமாக்க டாக்டருக்கு அந்த நோய் வரணும்னு உண்டா?" என்றார். கை தட்டினோம். "பேசறவங்க கையில பாஷையை விட்டா என்ன ஆகும்? தினமும் எடுத்துப் பேசிப் பேசித் தேய்ச்சிருவாங்க. அதனால பேசறவங்ககிட்ட இருந்துதான் முதல்ல அதைப் பாதுகாக்கணும்."

அதற்கும் தட்டினோம். பிறகு அவர் தன்னுடைய ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். எங்கள் பஞ்சாயத்தில் நாற்பது கேள்வி கேட்டதில் ஒரு தடவைகூட மறுப்பு வரவில்லையாம். ஆகவே வடகரப்பதித் தமிழில் 'இல்லை' என்கிற சொல்லே கிடையாது என்று கண்டுபிடித்து, 'மறுப்பறியா மக்கள்' என்று ஒரு கட்டுரை எழுதி, வெளிநாட்டு மாநாட்டில் வாசித்துப் பரிசும் வாங்கிவிட்டாராம். மண்டபத்தில் ஒருவரும் மறுக்கவில்லை. கட்டுரைக்கு இன்னும் ஒரு சான்று கிடைத்த மாதிரி அவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

கடைசியில் விதிகளை வாசித்தார்கள். பதிவான சொல்லைப் பதிவான அர்த்தத்தில் மட்டுமே பேச வேண்டும். பதிவான சொல்லுக்குப் பதிலாக ஆங்கிலமோ வேறு சொல்லோ போடக் கூடாது, போட்டால் அது வட்டார வழக்கை அழிப்பதாகும். முதல் தவறுக்கு நோட்டீஸ், இரண்டாவதற்கு விசாரணை, மூன்றாவதில் அந்தக் குடும்பம் தமிழ் பேசுகிறவர்களின் பட்டியலிலிருந்தே நீக்கப்படும். பதிவேடே பொய் என்று தெரிந்தால் ஒப்புப் போட்டவர்மேல் வழக்கு, பஞ்சாயத்து முழுவதற்கும் பதிவு ரத்து. அறுநூறு வீடு. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு ஒரு பிள்ளை தமிழ்வழியில் படித்துக்கொண்டோ வேலைக்கு எழுதிக்கொண்டோ இருக்கிறது. என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. சிரிப்பு அன்றைக்கே நின்றது.

பொங்கியண்ணன் விழா முடிந்து வந்தவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பதிவேட்டில் முதல் பக்கத்திலேயே அவர் படமும் பெயரும் இருந்தன. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றார்.

ஊரில் பேச்சு குறைந்தது. முதலில் அடிபட்டது பஸ்தான். எங்கள் பெண்கள் கண்டக்டரை 'ஏனுங்க, நிறுத்துங்க' என்றுதான் கூப்பிடுவார்கள். பதிவேட்டின்படி ஏனுங்க என்றால் புருஷன். சந்தைக்குப் போய் வந்த ஆறு பெண்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததில், பஸ் அவர்களை வேலந்தாவளம் வரைக்கும் கொண்டுபோய் இறக்கிவிட்டது. கல்யாண வீட்டில் ஒறம்பரையை வாங்க என்று கூப்பிட முடியாமல், வந்த சனத்தைப் பார்த்துக் கைகூப்பிச் சும்மா நின்றார்கள். இழவு வீடு என்று நினைத்து இரண்டு பேர் அழுதுவிட்டார்கள்.

கண்காணிப்புக்கு வாரம் ஒரு நாள் ஜிஜோ ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து பொங்கியண்ணன் வாசலில் உட்காருவார். அவருக்கும் பிடிக்காத வேலை. ஆனால் அவருடைய வேலையும் இன்னும் நிரந்தரமாகவில்லையாம். ஒருமுறை பொங்கியண்ணன் வாய் தவறி, நோம்பிக்குக் கறிச்சோறு போட்டோம் என்று சொல்லிவிட்டார். பதிவேட்டில் நோம்பி உபவாசம். அதற்கு முதல் நோட்டீஸ் வந்தது.

அடுத்த வாரம் ஜிஜோ உட்கார்ந்திருந்தபோது பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்த முத்தாத்தாள் ஓடி வந்தாள்.  துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கட்டுவிரியன். பாம்பு என்று சொல்லலாம், அது பதிவாகவில்லை. எங்கே என்றுதான் சொல்ல முடியாது. பொடக்காலி என்றால் கோழி. கோழியில் பாம்பு என்று சொன்னால் புருஷன் கோழிக்கூண்டுக்குப் போவார், வழியில் பாம்பை மிதிப்பார். அவள் கையை ஆட்டினாள், காலை உதைத்தாள். பொங்கியண்ணன் ஒலிப்பதிவுக் கருவியையே பார்த்துக்கொண்டு எழுந்து பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தார். அவள் பொறுக்க முடியாமல் மகள் படிக்கும்போது காதில் விழுந்த ஒரு சொல்லைக் கத்திவிட்டாள்.

"பேக்யார்டுல பாம்புங்க!"

பாம்பை நான்தான் தடியெடுத்து அடித்தேன். ஜிஜோ குனிந்த தலை நிமிராமல் இரண்டாவது நோட்டீஸை எழுதினார். 'பதிவான சொல்லைக் கைவிட்டு ஆங்கிலம் பேசியது. இந்தக் குடும்பத்தின் தாய்மொழி குறித்துச் சந்தேகம்.' விசாரணைக்குத் தேதி போட்டார்கள். சான்றுக்கான தொண்ணூறு நாளில் எண்பத்தெட்டாவது நாள் அது.

விசாரணை மறையூரில். பாலக்காட்டுக்கும் இடுக்கிக்கும் பொதுவான இடமாக இருக்கட்டும் என்று அலுவலகத்தை அங்கே வைத்திருக்கிறார்கள். நாங்கள் கேரளத்துத் தமிழர் என்று நிரூபிக்க, பொள்ளாச்சி, உடுமலை என்று தமிழ்நாடு முழுக்கச் சுற்றி, சின்னாறு வழியாகத்தான் திரும்பவும் கேரளத்துக்குள் நுழைய வேண்டும். பொங்கியண்ணன், செல்வப்பிரியா, துணைக்கு நான். செக்போஸ்டில் எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்குப் பொங்கியண்ணன் பயத்தில் ஆமாங்க என்றார்.

எங்களில் பயப்படாமல் வந்தது செல்வப்பிரியா ஒருத்திதான். பஸ்ஸில் அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அவங்க கேட்டா நெசத்தச் சொல்றேனுங்கப்பா, பொறந்ததுலிருந்து பேசற பேச்சுதானுங்களே, இதுக்கு எதுக்குப் பயப்படோணும் என்றாள். அவர் தலையாட்டினார். எனக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

அலுவலகத்தில் எங்களுக்கு முன்னால் இடுக்கி வட்டவடையிலிருந்து வீரபாண்டி என்பவர், சான்றுக்காக மகன் ஜெகனோடு வந்து உட்கார்ந்திருந்தார். கேரட் விவசாயி. அவருடைய ஊர்ப் பதிவேட்டிலும் அவர்தான் ஒப்புப் போட்டவர். அவரிடம் பொங்கியண்ணன் மெல்ல விசாரித்தார்.

"என்னண்ணே செய்ய? கேரட்டு ஏத்த ஜீப்பு நிக்குது. எழுத வந்த ஆளு நாப்பது சொல்லு இல்லாமப் போகமாட்டேன்னு வரப்புலயே உக்காந்துட்டாரு. பன்னெண்டுதான் ஞாபகம் வந்துச்சு. மிச்சத்த வாய்க்கு வந்தபடி சொல்லிவிட்டேன். வானத்துக்கு டங்குராசின்னேன். இப்ப எங்க ஊரே டங்குராசி கறுக்குது, மழை வரும்னு பேசிக்கிட்டுத் திரியுது" என்றார் வீரபாண்டி.

ஜெகனை முதலில் கூப்பிட்டார்கள். பதிவேட்டிலிருந்து பத்துச் சொல் கேட்பார்கள். டங்குராசி என்றால் என்ன என்று கேட்டார் கோபிநாத். ஸ்கை என்றான் ஜெகன். இப்படிப் பத்தும் சரி. இவ்வளவு சுத்தமான வட்டார வழக்கைத் தன் சர்வீஸில் கேட்டதில்லை என்று எழுந்து நின்று கைகொடுத்து, அங்கேயே சான்று கொடுத்துவிட்டார். வீரபாண்டி சான்றைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, யாராவது திரும்பக் கூப்பிடுவார்களோ என்று ஓடாத குறையாகப் போனார்.

அடுத்து செல்வப்பிரியா. பொடக்காலி என்றால் என்ன? வீட்டின் பின்பக்கம் என்று தெளிவான ஆங்கிலத்தில் சொன்னாள். அட்டாலி? பரண். ஒறம்பரை? சொந்தக்காரர்கள். நோம்பி? திருவிழா. ஏனுங்க? யாரை வேண்டுமானாலும் மரியாதையாகக் கூப்பிடுவது. பத்துக்குப் பத்தும் தப்பு. ஒவ்வொரு பதிலுக்கும் கோபிநாத் பதிவேட்டைப் பார்த்து வருத்தமாகத் தலையை அசைத்தார். கூட உட்கார்ந்து குறிப்பெடுத்த ஜிஜோ பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோபிநாத் பதிவேட்டைத் திருப்பிப் பொங்கியண்ணனின் ஒப்பைக் காட்டினார்.

"ஒண்ணு, நீங்க பொய் எழுதிக் கொடுத்தீங்க. அப்போ உங்கமேல கேஸு, அறுநூறு வீட்டுக்கும் பதிவு ரத்து. இல்லேன்னா உங்க மகளுக்கு சொந்த பாஷை அறியாது. அப்போ சான்று கிடையாது. ரெண்டில எது?"

பொங்கியண்ணன் எழுந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார்.  மகளைப் பார்த்தார்.  பிறகு, ஐம்பத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக, ஒரு மனிதரின் முகத்துக்கு நேரே சொன்னார்.

"இல்லீங்க. பொடக்காலின்னா கோழி இல்லீங்க. நான் ஆமான்னது தப்புங்க. புள்ள சொல்றதுதானுங்க நெசம்."

 கோபிநாத் கோபப்படவில்லை. மேசை டிராயரைத் திறந்து, தன் கட்டுரை வந்த பத்திரிகையை எடுத்துப் புரட்டி, ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இந்த வட்டாரத்துக்காரங்களுக்கு அப்படி ஒரு சொல் கிடையாது. இது அச்சில வந்த விஷயம், மாநாட்டில பாஸ் ஆனது. இல்லாத சொல்லை நான் எப்படி ரெக்கார்டில ஏத்தறது?" என்றவர், ஜிஜோவிடம் திரும்பினார். "எழுதிக்கோ. ஒப்புப் போட்டவர் மௌனம்."

ஜிஜோ எழுதினார். பொங்கியண்ணன் மறுபடி இல்லீங்க, இல்லீங்க என்றார். மௌனம் நீடித்தது என்று எழுதச் சொன்னார் கோபிநாத்.

பிறகு நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் அல்லவா, அவர் என் பக்கம் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர்தானே நீங்கள், பொடக்காலி என்றால் என்ன என்று கேட்டார். செல்வப்பிரியா என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் பொடக்காலிக்கும் அவர்கள் பொடக்காலிக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலிதான். அந்தப் பெண் நடை பழகியது அங்கேதான். எனக்கு அறுநூறு வீடும் கண்ணில் வந்தன, அதில் என் வீடு பெரிதாகத் தெரிந்தது.

"கோழிங்க" என்றேன்.

 விசாரணையில் மௌனம் சாதிப்பதும் குற்றம் என்று சொல்லி, கோபிநாத் இன்னொரு தாளை எடுத்து மேலே வழக்கு என்று எழுதி, கீழே பொங்கியண்ணனின் பெயரை எழுத ஆரம்பித்தார். செல்வப்பிரியா அந்தப் பேனாவைப் பார்த்தாள். துண்டோடு நின்ற அப்பாவைப் பார்த்தாள். என்னை மறுபடி பார்க்கவில்லை.

"நான்தானுங்க சார் தப்பாச் சொல்லிட்டேன். பொடக்காலின்னா ஹென்னுங்க" என்றாள்.

கோபிநாத் பேனாவை வைத்தார். அப்புறம் மடமடவென்று நடந்தது. அட்டாலி, லேடர். ஒறம்பரை, லஞ்ச். நோம்பி, ஃபாஸ்டிங். அவள் படித்த பெண், பதிவேட்டை ஒரு தடவை பார்த்திருந்தாலே போதும். பத்தும் சொல்லி முடித்தாள், குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. பொங்கியண்ணன் ஒவ்வொரு சொல்லுக்கும் இல்லீங்க என்று முனகிக்கொண்டே இருந்தார். அது எதிலும் ஏறவில்லை. கோபிநாத் சான்றில் முத்திரை குத்தி இரண்டு கையாலும் கொடுத்தார்.

"பார்த்தீங்களா, பாஷை உள்ளேதான் இருந்தது. நாங்க கொஞ்சம் உதவி பண்ணினோம்" என்றார்.

 திரும்பும்போது மறையூர்க் கடையில் பொங்கியண்ணன் ஓர் உருண்டை வெல்லம் வாங்கி, அதை மகளிடம் கொடுக்கவும் தோன்றாமல் உடுமலை வரைக்கும் கையிலேயே வைத்திருந்தார். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

ஊர் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. முத்தாத்தாள் வாசலிலேயே நின்றிருந்தாள். கெடச்சுதுங்களா என்று கேட்டாள். மகள் சான்றை எடுத்துக் காட்டினாள். முத்தாத்தாள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இரண்டு மாதமாக அடக்கி வைத்திருந்த வாய் அவளுக்கு. இனி என்ன பயம் என்று நினைத்திருப்பாள். நான் என் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போது, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரல் பழையபடி கணீரென்று கேட்டது.

"கண்ணு, பொடக்காலில வெந்தண்ணி காய வெச்சிருக்கறேன். அலுப்பாக் கெடக்கும், தண்ணி வாத்துக்க, போ."

 பிறகு செல்வப்பிரியா சன்னலருகே வருவது தெரிந்தது. தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"மெதுவாப் பேசுங்கம்மா. யாராச்சும் கேட்டுருவாங்க" என்று சொல்லிவிட்டு, என் வீட்டைப் பார்த்து இருந்த சன்னலைச் சாத்தினாள்.

நானும் என் சன்னலைச் சாத்தினேன்.